கல்லும் மணலுமாய் ஒரு சாண் மண்: அதில் மலைக்காடு எப்படி நிற்கிறது?

வெள்ளவத்தை வாணி

எல்லாருக்கும் வணக்கம். உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். இலங்கை மண் வகைப் படத்தில் மலைநாட்டின் பெரும்பகுதியை ஒரே நிறத்தில் தீட்டி, 'சிவப்பு மஞ்சள் பொட்சோலிக் மண்' என்று எழுதியிருக்கும். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறும்போது தெருவோரம் வெட்டுப்பட்ட சரிவுகளைப் பார்த்தால் வேறு கதை. மேலே ஒரு சாண் கறுப்பு. அதன் கீழே கோப்பித்தூள் நிறத்தில் பரபரவென்ற மணல், அதற்குள் கைக்கு அடங்கும் கற்கள், சில இடங்களில் பாறாங்கல். அதற்குக் கீழே பாறைதான். அந்த மண்ணில் பாசி பிடித்த மரங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன.

ஈரவலயத்தில் களி கூடிய சிவப்பு மண் என்று சொல்லிக் கொடுக்கிறோம். அப்படியென்றால் இந்த மணல் எங்கிருந்து வந்தது? இவ்வளவு மெலிந்த, கல் நிறைந்த மண் வளமானதா, வறியதா? மழை விட்டதும் தண்ணீர் எங்கே தங்குகிறது? பிள்ளைகள் கேட்டால் புத்தகத்தில் இருப்பதை மட்டும் ஒப்பிக்க மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

கருங்கல்

ரீச்சர், அந்தப் படம் தீவு முழுவதையும் ஒரு பக்கத்துக்குள் அடக்குவதற்காக வரைந்தது. நிலத்தில் மண்ணைத் தீர்மானிப்பது முதலில் கீழே கிடக்கும் பாறை, அப்புறம் சரிவு.

மத்திய மலைநாட்டில் நைஸ், சார்னொக்கைட், இடையிடையே குவாட்சைட், பளிங்கு என்று பழம்பெரும் உருமாறிய பாறைகள் இருக்கின்றன. நைஸில் உள்ள பெல்ஸ்பார் என்ற கனிமம் மழையில் மெல்ல மெல்ல அழிந்து கயோலினைட் என்ற களியாகிவிடும். குவாட்ஸ் என்ற கனிமம் அப்படி அல்ல. உடையும், சிறுக்கும், ஆனால் களியாக மாறாது. எனவே குவாட்ஸ் மிகுந்த பாறை எங்கே தலை காட்டுகிறதோ அங்கே மண் மணலாகத்தான் இருக்கும். நீங்கள் போன அதே வழியில் இருக்கும் பிட்டவல பத்தனைப் புல்வெளியைப் பாருங்கள். குவாட்சைட் பாறை மேல் மெல்லிய சரளை மண். மரத்துக்கு வேர் பிடிக்க இடமில்லை, புல் மட்டும் வளர்கிறது. மண் சேர்ந்து ஆழமான மடிப்புகளில் காடு.

இனிச் சரிவு. களியின் துணிக்கை 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. மணல் 0.05 முதல் 2 மில்லிமீட்டர் வரை. 2க்கு மேலே போனால் சரளை, கல். செங்குத்தான இடத்தில் ஓடும் மழைநீர் நுண்ணியதைத் தூக்கிக்கொண்டு போகிறது, பருத்ததை விட்டுவிட்டுப் போகிறது. பாறை மண்ணாகும் வேகத்தைவிட மண் கீழே இறங்கும் வேகம் கூடிவிட்டால், அந்த மண் முதிர்வதே இல்லை. மேலே உக்கல் (உக்கிப்போன இலைதழை) கலந்த கறுப்புப் படை, கீழே உடைந்த பாறை, நடுவில் களி சேரும் படை கிடையாது. நம் நாட்டு வகைப்பாட்டில் இதை லித்தோசொல் என்போம். உலக வகைப்பாட்டில் லெப்டொசொல்: 25 சென்டிமீட்டருக்குள் தொடர்ப்பாறை வர வேண்டும், அல்லது மேல் 75 சென்டிமீட்டரில் கல்லை நீக்கிய நுண்மண் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும்.

ஒரு பிடி எடுத்து நனைத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருக்கும், உருட்டினால் உருண்டை நிற்கும், நாடாவாக அழுத்தினால் உடனே அறுந்து விழும். கழுவினால் கண்ணாடித் துண்டு மாதிரியான குவாட்ஸ் மணிகள், இடையில் மினுங்கும் மைக்காத் தகடு, சிலவேளை செந்நிறக் கார்னட் பொடி. மணிகளின் விளிம்பு கூராக இருக்கும். அவை அதிக தூரம் பயணம் செய்யாதவை, அந்தச் சரிவிலேயே பிறந்தவை.

கொட்டாஞ்சேனை மாடித்தோட்டம்

ஐயா, வளம் இல்லை என்று சொல்லாதீர்கள். பூங்கன்று விற்கிற ஓர் இடத்தில் 'மலைக்காட்டு மண்' என்று பையில் கட்டி விற்றார்கள். வாங்கி அந்தூரியத்துக்குப் போட்டேன். கறுகறுவென்று இருந்தது, மணமே தனி. முதல் சில மாதம் இலை பளபளவென்று வந்தது. இப்போது சாடிக்குள் மண் பாதியாகத் தணிந்துவிட்டது, மேலே வெள்ளை மணலும் குருணிக் கல்லும்தான் தெரிகிறது. தண்ணீர் ஊற்றினால் ஓரத்தால் வழிந்து அடியால் ஓடுகிறது. அசல் மண்ணை இன்னும் கொஞ்சம் தேடிப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். நுவரெலியா பக்கம் போகிற யாரிடமாவது சொல்லி எடுப்பிக்கலாமா?

கருங்கல்

தங்கச்சி, தயவுசெய்து எடுப்பிக்க வேண்டாம். பாதுகாக்கப்பட்ட காட்டிலிருந்து மண் எடுப்பது குற்றம். அது ஒருபுறம். எடுத்து வந்தாலும் கொழும்பில் அது தங்காது. உங்கள் சாடியில் நடந்ததே ரீச்சரின் இரண்டாவது கேள்விக்கு விடை, ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

காட்டுக்குள் நிலத்தை மெல்ல விலக்கிப் பார்த்தால் மேலே முழு இலை, அதன் கீழ் நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, அதன் கீழ் எது இலை எது மண் என்று பிரிக்க முடியாத கறுப்பு உக்கல். அந்தக் கறுப்புக்குள் நூல் போன்ற வேர்கள் பாய் பின்னியது போலக் கிடக்கும். கல் ஒன்றைத் தூக்கினால் வேர் அதன் அடியைச் சுற்றிப் பிடித்திருக்கும், கூடவே வெண்ணிறப் பூஞ்சை இழைகள். அதற்குக் கீழே ஒரு முழம் தோண்டினால் வேர் சட்டென்று குறைந்துவிடும். காட்டின் சாப்பாடு முழுக்க அந்த மேல் படையில்தான்.

ஏன் என்று கேட்டால்: கல்சியம், மக்னீசியம், பொட்டாசியம் போன்ற போசணைகளைப் பிடித்து வைக்கும் திறன் மணலுக்குக் கிட்டத்தட்ட இல்லை. கயோலினைட் களியின் திறன் 100 கிராமுக்கு 3 முதல் 15 மில்லிச் சமவலு (இந்தத் திறனை அளக்கும் அலகு). உக்கலுக்கு 150 முதல் 300. மழை ஓயாத மலையில் உக்கல் பிடிக்காததெல்லாம் கழுவுண்டு ஆற்றுக்குப் போய்விடும். அதனால் மண் அமிலமாகிறது. பி.எச் 4க்கும் 5க்கும் இடையில் இருப்பது சாதாரணம். அந்த நிலையில் அலுமினியம் கரைந்து வேரை வதைக்கும், பொஸ்பரசு இரும்போடும் அலுமினியத்தோடும் சேர்ந்து பூட்டுப்பட்டுப் போகும். மரங்களுக்கு அதை எடுத்துக் கொடுப்பது அந்த வெள்ளைப் பூஞ்சைதான்.

இலை விழுகிறது, உக்குகிறது, விடுபடும் போசணையை வேர் அந்த இடத்திலேயே பிடித்துத் திரும்ப இலைக்கு ஏற்றுகிறது. இந்தச் சுற்று ஓடும்வரைக்கும் வளம் உண்டு. மண் காட்டை வளர்க்கிறது என்று சொல்வதைவிட, காடு தன் மண்ணைத் தானே போட்டுக்கொண்டு அதில் நிற்கிறது என்று சொல்வதுதான் இந்த இடத்துக்குச் சரி.

நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை. அந்தக் குளிரில் உக்கல் மெதுவாகத்தான் சிதையும், அதனால்தான் கறுப்புப் படை தடித்து நிற்கிறது. கொழும்பில் 27, 28 பாகை. மொட்டைமாடிச் சாடியில் அதைவிடக் கூட. நுண்ணுயிர்கள் உக்கலை விரைவாகத் தின்று தீர்த்துவிடும், மேலே இருந்து புதிதாக இலை விழப்போவதும் இல்லை. மிஞ்சுவது மணலும் கல்லும். காய்ந்த உக்கல் மணியைச் சுற்றி மெழுகுப் பூச்சு போலப் படிந்தால் தண்ணீரும் ஒட்டாது. ஓரத்தால் வழிகிறது என்றீர்களே, அதற்குக் காரணம் இதுதான்.

மஸ்கெலியாப் பையன்

அண்ணே சொன்னதை எங்க பக்கம் கண்ணால பார்க்கலாம். நான் இப்ப புறக்கோட்டையில வேலை, வீடு தோட்டத்தில்தான்.

தோட்டத்தில் இருக்கிற தேயிலை நிலமெல்லாம் ஒருகாலத்தில் இந்த மாதிரிக் காடுதான். கோப்பிக்காக வெட்டி எரித்தார்கள், 1869இல் கோப்பி இலையில் துரு நோய் வந்தது, அப்புறம் அதே நிலத்தில் தேயிலை. ஐயாயிரம் அடிக்கு மேலே உள்ள காட்டைத் தொடாமல் விடவேண்டும் என்று லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஹூக்கர் 1873இல் சொன்ன பிறகுதான் உச்சிக் காடாவது மிஞ்சியது. அதற்குக் கீழே இருந்த கறுப்பு மண் எங்கே போச்சு? பழைய சரிவுகளில் மலையைப் பார்த்துக் குனிந்தால் தேயிலைச் செடியின் அடிக்கட்டையும் வேரும் வெளியே நிற்கும். அந்த உயரத்துக்கு மண் போயிருக்கிறது. மேலே கிடப்பது சரளை.

எங்க தாத்தா காலத்தில் கல்லைப் பொறுக்கி அடுக்கிக் கல்லுக்கட்டு போட்டார்கள், சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டினார்கள். கான் தூர்ந்து கிடந்தால் ஒரே மழையில் வித்தியாசம் தெரியும். கானுக்குள் வந்து சேர்ந்த மண்ணைத் திரும்ப அள்ளிச் செடிக்குப் போடுவது ஒரு வேலை. அது கையில் எடுத்தால் சும்மா மணல். நல்லது எல்லாம் தண்ணியோட ஆத்துக்குப் போயிருக்கும்.

கைவிட்ட சரிவுகளில் மானாப்புல் வந்துவிடும். வெயில் காலத்தில் யாராவது நெருப்பு வைத்தால் இருக்கிற கொஞ்ச உக்கலும் சாம்பல். அதன்மேல் வருகிற முதல் மழைதான் கொடுமையானது.

ஆனால் கல் விஷயத்தில் அண்ணேயிடம் ஒரு கேள்வி. கல் இருந்தால் மண் மோசம் என்று எடுத்துக்கொள்ளலாமா? எங்க பெரியவர்கள் கல்லை முழுக்கப் பொறுக்க விடமாட்டார்கள்.

கருங்கல்

உங்கள் பெரியவர்கள் செய்தது சரியான காரியம். மேலே தளர்வாகக் கிடக்கும் கல் மழைத்துளியின் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும், ஓடும் நீரின் வேகத்தைக் குறைக்கும், அடியில் ஈரத்தைக் காக்கும். மண்ணுக்குள் பாதி புதைந்து இறுகிய கல் நேர்மாறு. நீர் உள்ளே இறங்க வழி விடாது, இரண்டு பக்கமும் ஓட விடும்.

கல் முதலிலேயே அங்கே இருந்ததா, மண் கழுவுண்டு வெளியே வந்ததா என்பதற்கு அடையாளம் உண்டு. பாசியும் கற்பாசியும் சுற்றிவர மூடியிருந்தால் அது நெடுங்காலமாக அப்படியே கிடக்கிறது. கல்லின் மேல்பாதியில் பாசி, கீழ்ப்பாதியில் வெறும் மண் கறை என்றால் அந்தக் கறை மட்டத்துக்கு அண்மையில் மண் இருந்திருக்கிறது. சிறு கல் ஒன்று மண் தூணின் மேல் குடை பிடித்தது போல நின்றால், தூணின் உயரம் அளவுக்குச் சுற்றுமண் போய்விட்டது.

உயர்தரம் கலைப்பிரிவு

ரீச்சர், நான் உங்கள் வகுப்பில்தான் படிக்கிறேன். வெள்ளவத்தைக் கடற்கரையும் மணல்தானே, இரண்டும் ஒன்றா? பரீட்சையில் மணல் மண் என்றால் நீர் நிற்காது என்று எழுதுகிறோம். அப்படியானால் மலைக்காட்டில் எப்படி ஊற்றும் ஓடையும் வருஷம் முழுக்க ஓடுகிறது?

கருங்கல்

கடற்கரை மணலை அலை அரைத்து அரைத்து உருட்டிவிட்டது, ஒரே பருமனாகவும் சலித்துவிட்டது. மலை மணல் கூரானது, பெரிதும் சிறிதும் கலந்தது, உக்கல் பூசியது. இரண்டையும் பூதக்கண்ணாடியில் பக்கத்தில் வைத்தால் குழப்பமே வராது.

நீரைக் கணக்குப் போட்டே பார்ப்போம், பிள்ளை. மணல் கலந்த இருவாட்டி மண் (மணலோடு களியும் நுண்மண்ணும் கலந்தது) ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் நீரைச் செடிக்கு எட்டும்படி வைத்திருக்கும் என்று கொள்வோம். மண் ஆழம் 40 சென்டிமீட்டர்தான் என்றால் 40 மில்லிமீட்டர். அதில் பாதிக் கனவளவு கல் என்றால் 20. காடு ஒரு நாளைக்கு 3 மில்லிமீட்டர் குடித்தால் ஒரு கிழமைக்குள் தீர்ந்துவிட வேண்டும். ஆனால் மழை இல்லாத கிழமைகளிலும் அந்தக் காடு வாடுவதில்லை.

கணக்கில் சேராத மூன்று விஷயம் அங்கே நடக்கிறது. உக்கல் தன் எடையைவிடப் பல மடங்கு நீரை ஏந்தும், பாசியும் அப்படியே. பாறையின் வெடிப்புகளுக்குள்ளும் அழுகிய பாறைக்குள்ளும் வேர் இறங்குகிறது, நாம் பாறை என்று தள்ளிவிடும் அந்தப் படை நீரைச் சேமித்து வைத்திருக்கும். இன்னொன்று மூடுபனி. முகில் காட்டுக்குள் புகுந்து இலையிலும் பாசியிலும் துளியாகி மண்ணில் சொட்டுகிறது, மழைமானியில் பதிவாகாத நீர் அது. மரத்தை வெட்டினால் இந்த மூன்றாவது வரவு நின்றுவிடும்.

ஓடையின் இரகசியமும் இங்கேதான். காட்டு மண்ணின் பெரிய துளைகளால் மழை வேகமாக உள்ளே இறங்குகிறது, மேலால் ஓடுவது குறைவு. உள்ளே போனது பாறை மேல் படர்ந்து, வெடிப்புகளுக்குள் நுழைந்து, கீழே ஊற்றாக ஆறுதலாக வெளிவருகிறது. மகாவலி, களனி, வளவை எல்லாம் இந்த மலைகளில் பிறக்கின்றன. கொழும்பில் நாம் குடிக்கும் தண்ணீரின் பெரும்பங்கு களனி கங்கையிலிருந்து அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரித்து வருகிறது. அந்த மெலிந்த மண் நமக்கு இவ்வளவு நெருக்கம்.

தெஹிவளை சிவில்

ஐயா விட்ட இடத்தில் நான் தொடர்கிறேன். நீர் வேகமாக உள்ளே போகிறது என்பது நல்ல செய்தியும்தான், ஆபத்தும்தான். வீதி வேலைகளில் இந்த மண்ணோடு பழகியிருக்கிறேன்.

கல் கலந்த மணல் காய்ந்திருக்கும்போது உறுதியானது. கூர்மணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து பூட்டிக்கொள்ளும், வேர் அதைக் கட்டி வைக்கும். களி இல்லாததால் ஒட்டும் தன்மை மட்டும் மிகக் குறைவு. அடைமழையில் நீர் இறங்கிப் பாறையில் முட்டுகிறது. பாறை அதே வேகத்தில் குடிக்காது. மண்ணுக்கும் பாறைக்கும் இடையே நீர் மட்டம் உயர உயரத் துளைநீர் அழுத்தம் மணிகளைப் பிரிக்கிறது, உராய்வு போய்விடுகிறது. ஒரு சாண் மண்ணானாலும் மரத்தோடும் கல்லோடும் சேர்ந்து வழுக்கி இறங்கும்.

வேரைப் பற்றி ஒன்று. மரம் வெட்டிய அன்றே சரிவு விழாது. வேர் மண்ணுக்குள் அழுக வருஷங்கள் எடுக்கும், அதுவரை பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் 'வெட்டி இவ்வளவு காலமாச்சு, ஒன்றும் நடக்கவில்லையே' என்று ஆட்கள் நம்பிவிடுகிறார்கள்.

அடுத்தது மலையடிவாரம். உச்சியிலிருந்து காலங்காலமாக இறங்கிய கல்லும் மணலும் களியும் அங்கே ஆழமாகக் குவிந்திருக்கும். ஊற்று இருக்கும், பயிர் நன்றாக வரும், தட்டையாகவும் இருக்கும். வீடு கட்ட ஆட்கள் தேடிப் போவது அங்கேதான், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் பலவும் அப்படியான இடங்களில்தான். ஆனால் அந்தக் குவியல் ஏற்கெனவே ஒருதரம் நகர்ந்து வந்தது, இன்னும் நகரக்கூடியது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடியது இந்த வகைப் படிவுதான்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு 24 மணித்தியால மழையை அளவுகோலாக வைத்திருக்கிறது: 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100இல் வெளியேறத் தயாராக வேண்டும், 150இல் வெளியேற வேண்டும். கொழும்பில் இருக்கிற நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மலையில் உறவுக்காரர் இருந்தால் எச்சரிக்கை வந்த உடனே கோல் எடுத்துச் சொல்லுங்கள், இரவில் அவர்கள் செய்தி பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

மஸ்கெலியாப் பையன்

சிவில் அண்ணே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்க. மழைமானி இல்லாவிட்டாலும் எங்க ஆட்கள் பார்க்கிற அடையாளம் இருக்கு. தெளிந்து ஓடுகிற பீலித் தண்ணி திடீரென்று கலங்கலாக வந்தால், அல்லது ஓடிக்கொண்டிருந்த ஊற்று அடைபட்டு நின்றால், உடனே வெளியேறணும். நிலத்தில் புதுசா வெடிப்பு, நேராக நின்ற மரமோ லைட் கம்பமோ சாய்வது, கதவு நிலையில் சிக்குவது எல்லாம் அதே மாதிரி. சாமான் எடுக்கத் திரும்பிப் போகக்கூடாது. எங்க அம்மாவுக்கு இதை ஒவ்வொரு மழைக்கும் போனில் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனை மாடித்தோட்டம்

காட்டு மண் வேண்டாம் என்பதை விளங்கிக்கொண்டேன் ஐயா. அந்தூரியத்துக்கு அப்படியானால் என்ன கலவை போடலாம்?

கருங்கல்

தும்புச்சோறு, நன்றாக உக்கிய கொம்போஸ்ட், உடைத்த கரித்துண்டு, கொஞ்சம் சிறு சல்லி. தும்புச்சோற்றை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பை எடுத்துவிட்டுப் போடுங்கள். மாடியில் விழும் இலைகளைக் கூட்டி எறியாமல் சாடி மேலேயே பரப்புங்கள். சாடியில் இருக்கும் பழைய மணலையும் வீசாதீர்கள், வடிகாலுக்கு உதவும், கலவையோடு சேர்க்கலாம்.

வெள்ளவத்தை வாணி

வகுப்பில் படித்துக் காட்டப் போகிறேன். அதோடு பிள்ளைகள் கையாலேயே ஒரு செய்முறை செய்ய வைக்க ஆசை. காட்டில் தொடாமல், தெருவில் சரிந்து வீதி வேலையாட்கள் ஒதுக்கிப் போட்ட மண்ணில் ஒரு பை ரத்தோட்டையில் இருக்கும் உறவினர் கொண்டு வந்து தருவார். எப்படிச் செய்வது?

கருங்கல்

நிழலில் காயவையுங்கள், கட்டிகளைக் கையால் உதிருங்கள், 2 மில்லிமீட்டர் அரிதட்டால் அரியுங்கள். அரித்த நுண்மண்ணை ஒரு நேரான கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பி, பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டு, நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். முதல் நிமிஷத்தில் அடியில் உட்காருவது மணல், ஓரிரு மணித்தியாலத்தில் அதன்மேல் படிவது அடையல் (மணலைவிடச் சிறிய, களியைவிடப் பெரிய துணிக்கை), மறுநாளும் கலங்கலாக மிதந்து மெல்ல இறங்குவது களி. மேலே மிதக்கும் கறுப்புத் துகள் சேதனப் பொருள். மூன்று படையின் உயரத்தையும் அடிமட்டத்தால் அளந்தால் விகிதம் வந்துவிடும். வெள்ளவத்தைக் கடற்கரை மணலையும் கொழும்புச் செம்மண்ணையும் பக்கத்தில் இரண்டு போத்தலில் வையுங்கள்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அரிதட்டில் நின்ற கல்லை எறிய வேண்டாம், தராசில் தனியாக நிறுத்து எழுத வேண்டும். மணல், அடையல், களி விகிதம் பார்க்கும் இந்த இழையமைப்புச் சோதனை 2 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளதை மட்டும்தான் பேசும். 'மணல் கலந்த இருவாட்டி' என்று அறிக்கை வரும், அந்த மண்ணில் பாதி கல் என்பது அதில் தெரியாது. அந்த எடை இல்லாமல் நீர்க் கணக்கும் வராது, பசளைக் கணக்கும் வராது.